இருவருக்கு ஒரு பிஸ்டல்

மேஜர் ஹார்ட்னெல் துரை கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். அதற்குப் பதில் எழுத மரியதாஸ் மாஸ்டர் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார். எட்டுத் தாள் கிழிந்ததுதான் மிச்சம்.

இத்தனைக்கும் அவர் தடுமாறுகிற பேர்வழி இல்லை. சாந்தோமில் ஒரு பையன்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. முந்நூறு பையன்களை ஒரு விசிலில் திருப்பி நிறுத்துகிறவர். வீட்டிலும் அதே கதைதான். குழம்பில் உப்பு கூடவா குறைச்சலா என்று கேட்டால் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் பேனாக் கட்டையைக் கடித்துக்கொண்டு முழித்த முழியைப் பார்த்து அவர் மனைவி நோராவுக்கே பாவமாகப் போய்விட்டது.

"அப்படி இன்னாதான் கேட்டுட்டாரு உங்க துரை?" என்றாள்.

"சண்டைல ரெண்டாவது ஆயுதம் எது வச்சுக்கணும்னு கேக்கறாரு."

"அதான் பதினாறு வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு கீறீங்களே. பிஸ்டல்னு எழுதிப் போடுங்க. இதுக்குப் போய் மூணு நாளா?"

அவள் பாட்டுக்குச் சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள். பதினாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் சங்கடமே என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

விஷயத்தை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் மரியதாஸும் கரீமுல்லாவும் ஒரு மெட்ராஸ் பல்டனில் சிப்பாய்களாக மெசபடோமியாவுக்குப் போனார்கள். மரியதாஸ் சாந்தோம் மாதாகோயில் பக்கம். கரீமுல்லா திருவல்லிக்கேணி மீர்சாகிப்பேட்டை. ஊரில் இருந்தவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. கப்பலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கடலுக்குள் வாந்தி எடுத்தபோது சிநேகமானார்கள். குறி பார்ப்பதில் மரியதாஸ் சூரர். தூரத்தைக் கண்ணாலேயே அளப்பதில் கரீமுல்லா சூரன். அப்போது கேப்டனாக இருந்த ஹார்ட்னெல் இரண்டு பேரையும் ஜோடி சேர்த்து ஸ்னைப்பர் ஆக்கிவிட்டார். எதிரி வரிசைக்கு முன்னால் ஊர்ந்து போய், மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கிடந்து, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் விரட்டாமல், நாளெல்லாம் காத்திருந்து ஒற்றைக் குண்டில் ஒரு ஆளைச் சாய்த்துவிட்டு வருகிற வேலை. மரியதாஸிடம் மேலே பூதக்கண்ணாடிக் குழல் பொருத்திய நீளத் துப்பாக்கி. கரீமுல்லாவிடம் துர்பீன் என்கிற தூரப் பார்வைக் கருவி.

அந்த நீளத் துப்பாக்கி நானூறு கஜத்தில் ராஜா. நாலு கஜத்தில் வெறும் கட்டை. குழலில் கண்ணை வைத்தால் எதிரே நிற்பவனுடைய சட்டைப் பொத்தான் பானை அளவுக்குத் தெரியுமே தவிர ஆளைத் தெரியாது. ஒரு குண்டு போட்டு அடுத்த குண்டை ஏற்றுவதற்குள் அவன் கழுத்தில் கை வைத்துவிடுவான். அதனால்தான் ஸ்னைப்பருக்கு இரண்டாவதாக ஒரு ஆயுதம் வேண்டும் என்ற பேச்சே வந்தது.

துரை இப்போது வடக்கே எங்கோ ஒரு துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறார். அங்கே வருகிற பையன்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறாராம். அதில் இரண்டாவது ஆயுதம் பற்றி ஒரு அத்தியாயம். பிஸ்டலா, பட்டாக்கத்தியா, துப்பாக்கி முனையில் மாட்டுகிற ஈட்டியா, கைவெடிகுண்டா, குட்டைத் துப்பாக்கியா, எது உசத்தி என்று தன்னோடு வேலை செய்த பழைய ஆட்களைக் கேட்டு எழுதியிருந்தார். கேட்டதோடு விட்டாரா? "நம் கரீமுல்லாவின் ஆறு குண்டுகளைச் சொல்லித்தான் அந்த அத்தியாயத்தை ஆரம்பிக்கப் போகிறேன். ஒரு ஜோடிக்கு ஒரு பிஸ்டல் போதும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நீங்கள் அதை உங்கள் வாயால் சொல்லி எழுதி அனுப்ப வேண்டும்" என்று கடைசியில் ஒரு கொக்கியும் போட்டிருந்தார்.

மரியதாஸ் ஒவ்வொரு ஆயுதமாக எடுத்து மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தார். வெடிகுண்டா? நாலு கஜத்தில் வெடித்தால் வந்தவனும் போவான், போட்டவனும் போவான். ஈட்டியா? ஏற்கெனவே ஆள் உயரத் துப்பாக்கி, அதன் முனையில் இன்னொரு முழம் இரும்பைச் செருகிக்கொண்டு பள்ளத்துக்குள் எப்படித் திரும்புவது? குட்டைத் துப்பாக்கி நல்லதுதான், ஆனால் இரண்டு துப்பாக்கியை இழுத்துக்கொண்டு மண்ணில் ஊர்ந்து பார்த்தவனுக்குத் தெரியும் அந்தப் பாடு. கத்தி சத்தம் போடாது. ஆனால் ஒருவனுக்குத்தான் ஆகும், மூன்று பேர் வந்தால் ஆகாது. ஒரு கையால் எடுக்கலாம், படுத்த வாக்கில் சுடலாம், மூன்று பேர் வந்தாலும் மூன்று தரம் சுடலாம் என்று பார்த்தால் கடைசியில் பிஸ்டலில்தான் வந்து நிற்கிறது. சந்தேகமே இல்லை. பிஸ்டல்தான்.

ஆனால் கரீமுல்லாவின் கையில் பிஸ்டல் இல்லையே.

கரீமுல்லா ஆறு குண்டும் சுட்டுவிட்டுத்தான் செத்தான் என்பது மரியதாஸ் கட்டிய கதை. துரைக்குச் சொன்னதும் பொய், கரீமுல்லாவின் மனைவி அன்வரி பேகத்துக்கு வந்து சொன்னதும் பொய். வருஷா வருஷம் கரீமுல்லா இறந்த நாளில் அந்த வீட்டில் ஃபாத்திஹா ஓதிச் சோறு போடுவார்கள். மரியதாஸ் தவறாமல் போவார். சாப்பாடு ஆனதும் யாராவது, "மாஸ்டர், அந்த ஆறு குண்டு" என்று எடுத்துக் கொடுப்பார்கள். முதல் வருஷம் ஆறு குண்டு என்று மட்டும் சொன்னார். மூன்றாம் வருஷம் எந்தக் குண்டு எவன் மேல் பட்டது என்று வந்துவிட்டது. பத்தாம் வருஷம் நாலாவது குண்டுக்கும் ஐந்தாவது குண்டுக்கும் நடுவே கரீமுல்லா பேசிய வசனம்கூட வந்துவிட்டது. சொல்லச் சொல்ல அவருக்கே அந்தச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது. சில நாள் குளிக்கும்போது நின்று, நிஜமாகவே சுட்டானோ, நாம்தான் மறந்துவிட்டோமோ என்று யோசிப்பார். அவ்வளவு குழப்பம்.

நடந்தது வேறு. துரை கொடுத்தது ஒரு பிஸ்டல், ஆள் இரண்டு. அதனால் இருவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு, செவ்வாய், வியாழன் கரீமுல்லா. திங்கள், புதன், வெள்ளி மரியதாஸ். சனிக்கிழமை காசு சுண்டிப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தாஸ் இடுப்பில் இரும்பு இல்லாமல் ஜெபம் சொல்லட்டும் என்று கரீமுல்லாவும், வெள்ளிக்கிழமை கரீம் லேசாக இருக்கட்டும் என்று மரியதாஸும் பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. முறைக்காரன் பெட்டியிலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வான். எடுத்தாயா என்று மற்றவன் கேட்க மாட்டான். கேட்டால் நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று இருவருக்கும் ஒரு ரோஷம். விடிவதற்கு முன் கிளம்பிப் போவதும் பொழுது சாய்ந்ததும் திரும்புவதுமாக நாலு மாதம் ஒரு பிசகு இல்லாமல் ஓடியது.

அந்த வாரம் மட்டும் உத்தரவு மாறியது. வியாழக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்துக்கே கிளம்பிப் போய் இடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். போனார்கள். விடிகிற நேரத்தில் மூன்று துருக்கிச் சிப்பாய்கள் கிட்டத்தட்ட அவர்கள் மேலேயே வந்து மிதித்துவிட்டார்கள். "பிஸ்டல்" என்று மரியதாஸ் மெதுவாகச் சொன்னார். கரீமுல்லா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தான். அவன் இடுப்பில் ஒன்றும் இல்லை. அடுத்த நொடி துர்பீனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். மரியதாஸ் பின்பக்கப் பள்ளத்தில் உருண்டு தப்பித்தார்.

திரும்பி வந்து பார்த்தால் பெட்டிக்குள் துணி சுற்றியபடி பிஸ்டல் அப்படியே கிடக்கிறது. முறைக்காரன் ஆயுதத்தை மறந்துவிட்டுப் போனான் என்று கரீமுல்லாவின் பெயருக்குப் பக்கத்தில் எவனாவது எழுதிவிட்டால்? மரியதாஸ் அதை எடுத்துப் போய் ஆற்றில் போட்டுவிட்டு வந்து, ஆறு குண்டும் சுட்டுவிட்டுத்தான் விழுந்தான் என்று துரையிடம் சொன்னார். அன்றைக்கு அவருக்கு வயசு இருபத்தாறு. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இத்தனை வருஷமாக அவரை அரித்தது பொய்கூட இல்லை. அந்தப் பார்வைதான். அவன் ஏன் அப்படிப் பார்த்தான்? மறந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டவன் பார்வை மாதிரி இல்லை. நானல்லவா உன்னைக் கேட்க வேண்டும், நீ என்னைக் கேட்கிறாயே என்பது போல ஒரு திகைப்பு. ஒரு வேளை அன்றைக்குக் கிழமையைத் தாம்தான் தப்பாக எண்ணிவிட்டோமோ? இல்லையே, வியாழன்தான். பல்டன் பதிவிலேயே வியாழன் என்று இருந்ததே. அப்படியானால் மறந்தது கரீம்தான். இப்படி முடிவுக்கு வந்ததும் அவன் மேல் கோபம் வரும். செத்துப்போனவன் மேல், அதுவும் தன்னைத் தப்பிக்க விட்டவன் மேல் கோபப்படுகிறோமே என்று தன் மேலேயே எரிச்சல் வரும். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பார்.

போகட்டும், பிஸ்டல், ஆறு குண்டு என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்றால், அங்கேதான் ஒரு விஷயம் தொண்டையில் முள்ளாக நின்றது. ஒரு ஜோடிக்கு ஒன்று போதும் என்று துரை அச்சடித்துவிடுவார். எங்கேயோ ஒரு மணல்மேட்டில் இரண்டு பையன்கள் படுத்திருப்பார்கள். பெட்டி ஒன்று, பிஸ்டல் ஒன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதற்கு மரியதாஸின் கையெழுத்துதான் சாட்சி. உண்மையைச் சொல்லலாம் என்றால் அன்வரி பேகத்துக்கு என்ன மிஞ்சும்? பதினேழு வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு, தொப்பி தைத்துப் பிழைக்கிற அந்த வீட்டில் சொத்து என்று இருப்பதே அந்த ஆறு குண்டுதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

நாலாவது நாள் திருவல்லிக்கேணியிலிருந்து ஆள் வந்து ஒரு சேதி சொன்னான். துரை அன்வரி பேகத்துக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறாராம். கரீமுல்லாவின் சாமான்களோடு திரும்பி வந்த சின்ன நோட்டில் பிஸ்டல் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறாராம். நோட்டு முழுக்க உருது. ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வந்தால் பெண் வஜீஹா படித்துச் சொல்லி, பதிலையும் இங்கிலீஷில் எழுதித் தருவாளாம்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கடற்கரைச் சாலையில் நடந்தே போனார். டிராம் ஏறினால் சீக்கிரம் போய்விடுவோம் என்று பயம். ஐஸ் ஹவுஸ் தாண்டும்போது, தலைவலி என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் நின்றார். அந்த வயசில் அப்படி ஒரு யோசனை வந்ததை நினைத்து அவருக்கே கேவலமாக இருந்தது. நடந்தார்.

முன்னறையில் அவருக்கு வழக்கமான நாற்காலி. உள்ளறை வாசலில் பச்சைத் துணித் திரை. அதற்குப் பின்னால்தான் அன்வரி பேகம் உட்காருவாள். பதினாறு வருஷத்தில் அவள் குரலைக் கேட்டிருக்கிறாரே தவிர முகத்தைப் பார்த்ததில்லை. சிநேகிதன் மனைவி என்பதால் 'பாபி' என்று கூப்பிடுவார். வஜீஹாவை மட்டும் கைக்குழந்தையிலிருந்து தெரியும். அவள் சின்ன மேஜையைப் போட்டு, தாளும் மைக்கூடும் வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தாள். பெண்கள் பள்ளியில் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறவள். பக்கத்தில் ஜரிகைத் துணியில் சுற்றிய அந்த நோட்டு. வந்த நாளிலிருந்து அன்வரி பேகம் அதை யாரையும் பிரிக்க விட்டதில்லை.

"தாஸ் பாய், சாய் குடிச்சீங்களா? வஜீஹா, மாமூக்கு பிஸ்கோத்து குடு" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

"குடிச்சேன் பாபி" என்றார், குடிக்காமலே.

"சொல்லுங்க மாமூ, எழுதறேன்" என்றாள் வஜீஹா. "மொத கேள்வி, எந்த ஆயுதம்?"

"பிஸ்டல்."

எழுதினாள். பிறகு துரையின் கடிதத்தைப் பார்த்தாள். "ரெண்டாவது, ஒரு ஜோடிக்கு ஒண்ணு போதும்னு எழுதியிருக்காரு. உங்க அபிப்ராயமும் அதுதானான்னு கேக்கறாரு. ஆமான்னு போட்டுடவா?"

மரியதாஸ் ஆமா என்று சொல்ல வாயைத் திறந்தார். வரவில்லை.

"வேணாம். ஆளுக்கு ஒண்ணுன்னு எழுது."

"ஏன் மாமூ? பாவா ஒருத்தர் கையில இருந்ததே போதுமா இருந்துச்சுன்னுதானே துரை எழுதறாரு?" என்றாள். அப்பாவை அவள் பாவா என்றுதான் சொல்வாள்.

"போதலை. நீ எழுதும்மா."

"காரணம் கேட்டிருக்காரே."

காரணத்துக்கு எங்கே போவது? மரியதாஸ் சுவரைப் பார்த்தார், மேஜையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். அந்தப் பெண், "நோட்டுல ஏதாவது கீதான்னு பாக்கறேன்" என்று துணியைப் பிரித்தாள்.

பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே வந்தாள். தூரம், காற்று, வெயில், இன்ன மரத்துக்கு இத்தனை கஜம். ஒவ்வொரு நாளுக்கும் கிழமை போட்டு, பிஸ்டல் யார் முறை என்று ஒரு வரி. திங்கள், தாஸ். செவ்வாய், நான். புதன், தாஸ். சிநேகிதன் இப்படி ஒழுங்காகக் கணக்கு வைத்திருந்தது மரியதாஸுக்கு அன்றுவரை தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தவருக்குப் பயத்துக்கு நடுவிலும் அவன் குரல் பக்கத்தில் கேட்கிற மாதிரி சந்தோஷமாக இருந்தது. கடைசிப் பக்கம் வந்தது. வஜீஹா ஒரு தடவை மனசுக்குள் படித்தாள். முகம் மாறிவிட்டது.

"மாமூ, இதுல வேற மாதிரி கீது."

"படி" என்றாள் உள்ளேயிருந்து அன்வரி பேகம்.

"ஜும்மா. மஃரிப் தொழுதாச்சு. கிளம்பறோம். பிஸ்டல், தாஸ் முறை." அவள் தலை நிமிர்ந்தாள். "பாவா கையிலதான் பிஸ்டல்னு சொல்லுவீங்களே மாமூ. உங்க கிட்டன்னு எழுதியிருக்காங்க."

பிஸ்டல் மரியதாஸிடம் இருந்தது, அவர் அதை வைத்துக்கொண்டே ஓடி வந்துவிட்டார் என்று அல்லவா அர்த்தமாகிறது? அந்தப் பெண் அவரைப் பார்த்த பார்வையில் அந்தச் சந்தேகம் நேராகவே இருந்தது.

"என்கிட்ட இல்ல. சத்தியமா என்கிட்ட இல்லம்மா" என்றார். "அது வியாழக்கிழமை. வியாழன் அவன் முறை. எனக்கு நல்லா ஞாபகம் கீது."

"ஜும்மான்னு தெளிவா போட்டிருக்கு. அப்போ வெள்ளிக்கிழமைதானே?"

"வெள்ளிக்கிழமை காத்தாலதான் அவன் போனான். கிளம்பினது வியாழன். கரீம் கிழமையைத் தப்பா எழுதிட்டான்."

"அவங்க கிழமையைத் தப்பா எழுதற ஆளில்ல" என்றது திரை. குரல் கொஞ்சம் கெட்டியாகிவிட்டது. "மஃரிப் தொழுதாச்சுன்னு எழுதியிருக்காங்களா வஜீஹா?"

"ஆமா அம்மா."

"அப்போ சரியாத்தான் எழுதியிருக்காங்க. மஃரிப் ஆச்சுன்னா மறுநாள் பொறந்துடுது. வியாழக்கிழமை பொழுது சாஞ்சாலே எங்களுக்கு ஜும்மா. இது உங்களுக்குத் தெரியாதா தாஸ் பாய்?"

தெரியாது. பதினாறு வருஷம் அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டவருக்குத் தெரியாது. அவர் கணக்கில் நடுச்சாமம்வரை வியாழன் வியாழன்தான். நாலு மாதமும் விடியற்காலையில் கிளம்பியதால் இருவர் கணக்கும் ஒன்றாகவே ஓடியிருக்கிறது. ஒரே ஒரு தடவை விளக்கு வைத்த பிறகு கிளம்பினார்கள். வியாழன்தானே, கரீம் எடுத்திருப்பான் என்று இவர் பெட்டிப் பக்கம் போகவில்லை. ஜும்மா வந்தாச்சே, தாஸ் எடுத்திருப்பான் என்று அவனும் போகவில்லை. கேட்டால் ரோஷம். அதனால் இருவரும் கேட்கவும் இல்லை.

அவன் பார்த்த பார்வை இப்போது விளங்கிவிட்டது. நீ எடுத்து வரவில்லையா என்று இவர் அவனைப் பார்த்தது போலவே, அதே கேள்வியோடுதான் அவனும் இவரைப் பார்த்திருக்கிறான். யாரும் மறக்கவில்லை. மரியதாஸுக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது, சிரிக்கவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் வராமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்போ பிஸ்டல் எங்க போச்சு?" என்றாள் அன்வரி பேகம்.

"பெட்டிலயே இருந்துச்சு பாபி. நான்தான் அப்புறம் எடுத்து ஆத்துல போட்டேன்."

"அவங்க கையில?"

"துர்பீன்."

"சுடலையா?"

"சுடறதுக்கு ஒண்ணும் இல்ல." இனி மறைக்க என்ன இருக்கிறது? "எழுந்து நின்னான். துர்பீனால ஒருத்தனை அடிச்சான். இன்னொரு கையால என்னைப் பள்ளத்துல தள்ளி விட்டான். அவ்வளவுதான் நடந்தது. ஆறு குண்டு, வசனம் எல்லாம் நான் கட்டினது."

வஜீஹா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். திரைக்குப் பின்னால் சத்தமே இல்லை. அழுகிறாளா, கோபமா, எழுந்து போய்விட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. முகம் தெரிந்தாலாவது ஏதாவது சொல்லலாம். பச்சைத் துணியைப் பார்த்து என்ன சொல்வது?

"என்னை மன்னிக்கணும் பாபி" என்றார். "வெறுங்கையோட உங்க வாசல்ல வந்து நிக்க முடியல. அந்த ஆறு குண்டாவது உங்களுக்கு இருக்கட்டும்னு..."

"எழுது வஜீஹா" என்றாள் அவள், இவர் பேச்சை முடிக்க விடாமல். "ஆளுக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லு. என் புருஷன் கையில ஒண்ணும் இல்லன்னு எழுது. ரெண்டு பேருக்கு ஒண்ணு குடுத்ததாலதான் இல்லன்னு எழுது. என் பேரைப் போடு, நான் கைநாட்டு வைக்கறேன்."

"பாபி, துரை புஸ்தகத்துல கரீம் பேரு வரப்போவுது. இதை எழுதினா வராது."

"வராட்டி போவுது. எவளோ ரெண்டு பேரு பெத்த புள்ளைங்க அங்க படுத்துக் கிடக்கும் இல்ல?"

வஜீஹா எழுத ஆரம்பித்தாள். பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. மரியதாஸுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தது, ஒரு வீட்டைக் கொளுத்திவிட்ட மாதிரியும் இருந்தது. எழுந்து போய்விடலாமா, போனால் தப்பா என்று தெரியாமல் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"தாஸ் பாய்."

"சொல்லுங்க பாபி."

"அந்த ஆறு குண்டு எனக்கு இருக்கட்டும்னு சொன்னீங்களே. அது எனக்கு இன்னா பண்ணுச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?" குரல் உடைந்திருந்தது, ஆனால் வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "ஆறு குண்டு சுட நேரம் இருந்துச்சே, அந்த நேரத்துல திரும்பி ஓடி வந்திருக்கலாமேன்னு பதினாறு வருஷமா அவங்க மேல நான் கோவமா கீறேன். வஜீஹாக்கு அப்போ ஒரு வயசு. வூட்ல நாங்க ரெண்டு பேரு காத்துக்கினு கீறோம்னு நெனப்பே இல்லாம நின்னு நின்னு சுட்டுக்கினு இருந்தாரே, எங்களைவிட அந்தச் சண்டை பெருசா போச்சான்னு. நீங்க வருஷா வருஷம் வந்து அதை நீட்டி நீட்டிச் சொல்லுவீங்க. வந்தவங்க எல்லாம் பலே பலேம்பாங்க. நான் உள்ள உக்காந்து பல்லைக் கடிச்சுக்கினு இருப்பேன். ஃபாத்திஹா ஓதற அன்னிக்குக்கூட அவங்களுக்காக மனசார நான் துஆ கேட்டது இல்ல."

மரியதாஸுக்கு இத்தனை வருஷம் என்ன கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"உண்மையைச் சொல்லுங்க. ஓடி வர நேரம் இருந்துச்சா?"

"இல்ல."

"எனக்காகச் சொல்லாதீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

மரியதாஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு குண்டுச் சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மணல் இருந்தது, மூன்று பேர் இருந்தார்கள், கரீமின் முகம் இருந்தது.

"இல்ல பாபி. ஒரு மூச்சு விடற நேரம். அதுக்குள்ள ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் எழுந்திருக்க முடியும். அவன் எழுந்துட்டான்."

திரை அசைந்தது. உள்ளே அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வந்தது.

"வஜீஹா, துரை லெட்டரை அப்புறம் எழுதலாம். மொதல்ல அந்த நோட்டை எடு. உங்க பாவா எழுதினதுக்குக் கீழயே எழுது."

"இன்னான்னு எழுதறது அம்மா?"

"நேரம் இல்லன்னு எழுது."